படகு தள்ளாத தள்ளுகால்

பாபு,

இருபது வருடமாக நம் குப்பத்துச் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு, தெருவிளக்கு கேட்டு, குடிதண்ணீர் கேட்டு எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. 'ஐயா, வணக்கம்' என்று ஆரம்பித்து, 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. பெற்ற பிள்ளைக்கு எழுத அப்படி ஒரு சௌகரியமான வழி இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, கலெக்டருக்கா?" என்று கேட்டாள். அவருக்கும் மேலே ஒருத்தனுக்கு என்றேன். அவள் சிரிக்கவில்லை. யாருக்கு, எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

இன்னும் மூன்று வாரத்தில் உனக்கும் கௌசிக்கும் கல்யாணம். அது முடிந்ததும் எண்ணூரில் வாடகை வீட்டுக்குப் போகப் போகிறாய், துறைமுகத்துக்குப் பக்கம் என்று. போ, நல்லதுதான். ஆனால் நீ போவதற்கு முன்னால் ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல வாய் திறந்தால் எனக்குக் கத்தத்தான் வரும், முப்பது வருடமாக லாஞ்சு இன்ஜின் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய தொண்டை இது. அதனால் எழுதுகிறேன். நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பொய் என் ரத்தத்தைப் பற்றியது. அதன் பழியை இரண்டு வருடமாக உன் அம்மா சுமந்துகொண்டிருக்கிறாள். இதைச் சொல்லாமல் கல்யாணத்தன்று உன் கையில் மாலையை எடுத்துக் கொடுக்க எனக்கு முடியாது. படித்து முடித்ததும் இதை மடித்து உள்ளே வைத்துவிடாதே. நம் குப்பத்தில் தள்ளுகால் உள்ள மற்ற இரண்டு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து படித்துக் காட்டு. வெட்கம் எனக்குத்தான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தள்ளுகால் என்றால் வெளியாட்களுக்குப் புரியாது, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் படித்துக் காட்டும்போது கௌசி பக்கத்தில் இருப்பாளே, அவளுக்காக எழுதுகிறேன். குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலிலிருந்து இறங்குகிற நரம்பு தடித்துப் புடைத்து, தொட்டால் கல் மாதிரி இருக்கும். கட்டுமரத்தை மணலில் காலை ஊன்றித் தள்ளித் தள்ளி வந்த காய்ப்பு அது என்று எங்கள் நைனா சொன்னார், அவருக்கு அவர் நைனா சொன்னார். எத்தனையோ பேர் மரம் தள்ளுகிற குப்பத்தில் மூன்று வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. இவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக உழைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் பண்ணிக்கொண்டோம். என் கல்யாணப் பேச்சின்போது உன் அம்மாவின் அப்பாவிடம் ஊர்ப் பெரியவர், "தள்ளுகால் வூடு, கண்ண மூடிக்கினு பொண்ணு குடு" என்றார். அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை.

என் நைனா நாற்பத்தொரு வயதில் போனார். விடிகாலை கடலுக்குப் போய்விட்டு வந்து மரத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தவர், "இருடா, ஒரு நிமிசம்" என்று மணலில் குந்தினார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் காற்று புகுந்துகொண்டது என்றார்கள். என் அண்ணன் நாற்பத்துநாலு வயதில் லாஞ்சில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டான். கேஸ் என்று சொல்லி நான்தான் அவன் வாயில் சோடா ஊற்றினேன். காசிமேடு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு பேரையும் குளிப்பாட்டும்போது அந்தக் குதிகாலைப் பார்த்துத்தான் நான் அழுதேன். உழைத்தே செத்தார்கள் என்று அழுதேன். அழுகையில் ஒரு பெருமையும் இருந்தது, அதை இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

நீ கடலுக்கு வராத பிள்ளை. பன்னிரண்டு வயதில் உன்னை ஒரு நாள் ஃபைபர் போட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். கரை கண்ணுக்குத் தெரியும்போதே வாந்தி எடுக்க ஆரம்பித்தாய், திரும்பி வரும்வரை நிறுத்தவில்லை. "தீனி போடறான் பாரு மீனுக்கு" என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பையன் ஐடிஐ படித்து, துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்குகிற கிரேனில் ஏறி உட்கார்வான் என்று யார் நினைத்தது? ஒரு தடவை கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். அத்தனை உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், நீ கையை லேசாக அசைத்தால் கீழே ஒரு வீடு அளவுக்கு இரும்புப் பெட்டி ஆடாமல் அசையாமல் வந்து லாரிமேல் உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற காவலாளியிடம், "அது என் பையன்" என்றேன். "எதுங்க?" என்றான் அவன். அண்ணாந்து பார் என்றேன். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

அந்த வேலைக்குக் கொடுத்த பூட்ஸைப் போட்டுப் பார்த்த அன்றுதான், "நைனா, பின்னாடி இடிக்குது" என்றாய். தொட்டுப் பார்த்தேன். தள்ளுகால். இரண்டு காலிலும். உனக்கு அப்போது இருபத்திரண்டு. நான் சங்கக் கட்டடத்துக்குப் போய் இருந்தவர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளும் போட்டைத் தள்ளாத பையனுக்குப் போட்டு தள்ளின காய்ப்பு எப்படி வரும் என்று எனக்கும் உறைக்கவில்லை, டீ குடித்த பதினைந்து பேருக்கும் உறைக்கவில்லை. "ரத்தத்துல கீதுப்பா, எங்க போவும்" என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நான் பேசியதில் அந்த ஒரு வார்த்தைதான் சரி.

அப்புறம் மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் கம்பெனி மருத்துவப் பரிசோதனை. உனக்கு இருபத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, பீடி கிடையாது, குடி கிடையாது, கொலஸ்ட்ரால் மட்டும் முந்நூறைத் தாண்டி நிற்கிறது என்று தாள் வந்தது. நான் சிரித்தேன், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுகிற குண்டு ஆட்களுக்கு வருகிற நோய் இல்லையா அது என்று. தெருமுனை கிளினிக்கில் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நீ கட்டுப்படுத்தின மாதிரி யாரும் பண்ண மாட்டார்கள். உன் அம்மாவின் எறா தொக்கை விட்டாய். முட்டையில் மஞ்சளை எடுத்துப் பூனைக்குப் போட்டாய், அந்தப் பூனை இன்றைக்கு நடக்க முடியாமல் நடக்கிறது. காலை நாலரைக்கு எழுந்து கடற்கரைச் சாலையில் எண்ணூர் பக்கமாக ஓடிப் போய்த் திரும்பி வருவாய். மழையிலும் ஓடினாய், மார்கழிப் பனியிலும் ஓடினாய். உன் அம்மா எண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றக் கற்றுக்கொண்டாள். கொள்ளு ரசம், வெந்தயத் தண்ணீர், பச்சைப் பூண்டு என்று தெருவில் யார் எதைச் சொன்னாலும் செய்தாள். வறுத்த மீன் வாசனை வந்தால் உனக்கு ஆசை வரும் என்று அவளும் வறுத்துச் சாப்பிடுவதை நிறுத்தினாள். காசிமேட்டில் மீன் வாங்கிக் கூடை சுமந்து தெருத் தெருவாக விற்று வளர்ந்தவள், வஞ்சிரத் துண்டைக் குழம்பில் மட்டும் போட்டுச் சாப்பிட்டாள்.

ஆறு மாதம் கழித்து வந்த தாளில் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது, இறங்கியது என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அன்றைக்கு நான் உன்னிடம் பேசியது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "காயிதம் பொய் சொல்லாதுடா. நீதான் பொய் சொல்றே. ஆத்தாளை இங்க பட்டினி போட்டுட்டு வெளியில போய் நல்லா துன்னுகினு வர்றே." நீ தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். "நைனா, நான் ஒளிச்சுத் துன்னேன்னு நீ நெனச்சா நெனச்சுக்க. எனக்கு அத்த நிரூபிக்க நேரம் இல்ல. ஏன் கொறையலன்னு நான் கண்டுபுடிக்கணும்" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். நான் உன் வயதில் என் நைனாவிடம் இப்படி ஒரு பேச்சு வாங்கியிருந்தால் ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டேன். நீ மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து ஓடப் போனாய்.

அதற்கப்புறம் நான் செய்தது இன்னும் கேவலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோஸ்துகளோடு வண்ணாரப்பேட்டை போகிறேன் என்று கிளம்பினாய். நானும் பின்னாலேயே கிளம்பினேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நீ ஏறிய மெட்ரோவில் அடுத்த பெட்டியில் ஏறினேன். நீங்கள் நாலு பேரும் நேராக ஒரு பிரியாணிக் கடைக்குள் நுழைந்தீர்கள். மாட்டினான் பயல் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று எவ்வளவு நேரம் பார்ப்பது, கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார், அதனால் நானும் உள்ளே போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மற்ற மூன்று பேரும் இலை நிறையப் போட்டுச் சாப்பிட்டார்கள். நீ ஒரு தட்டு வெள்ளரிக்காயும் வெங்காயமும் வாங்கி வைத்துக்கொண்டு அவர்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாய். ஒரு கை பிரியாணி எடுக்கவில்லை. உட்கார்ந்த குற்றத்துக்கு நான் அரை பிளேட் மட்டன் பிரியாணி சாப்பிட்டேன். அதுவும் நன்றாக இருந்தது. வெளியே வரும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்தப் பயல் என்னைப் பார்த்துவிட்டான், அதனால்தான் நடிக்கிறான் என்று. சந்தேகம் பிடித்தவன் கண்ணுக்கு எதைக் காட்டினாலும் அவன் நினைத்ததுதான் தெரியும் போலிருக்கிறது. இதையும் உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன், கௌசி முன்னால் சிரித்துக்கொள்.

விடாமல் நீயே விசாரித்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவைப் பிடித்தாய். "வூட்ல யாராச்சும் பெரியவங்க கூட வரணுமாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் முன்பே ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள், அதில் ஒன்றும் கோளாறு இல்லை. டாக்டரம்மா உன் கண் இமையை விரலால் தள்ளிப் பார்த்தார். அப்புறம், "ஷூவைக் கழட்டுங்க தம்பி" என்றார். குதிகாலைப் பிடித்து அழுத்தினார். "இது எவ்ளோ நாளா இருக்கு?" என்று கேட்டார். நீ வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அது எங்க வூட்டுத் தள்ளுகால் மேடம். போட்டு தள்ளித் தள்ளி வர்றது" என்று என் வேட்டியைத் தூக்கி என் காலையும் காட்டினேன்.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"கிரேன் ஆப்பரேட்டர் மேடம்."

"போட்டு தள்ளியிருக்கீங்களா?"

"ஒருநாளும் இல்ல மேடம். எனக்குக் கடல்ல வாந்தி வரும்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப இவருக்கு எப்படி வந்துச்சு?" என்று அவர் கேட்டது அவ்வளவுதான். குத்தலாகக் கூடக் கேட்கவில்லை. டீ குடித்த பதினைந்து பேரும் கண் முன்னால் வந்து நின்றார்கள். நைனா மணலில் குந்தினது வந்தது, அண்ணன் வாயோரம் வழிந்த சோடா வந்தது. அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, கல்லீரலே செய்கிறது. ரத்தத்தில் சேர்கிற கெட்ட கொழுப்பைத் திரும்ப வாங்கி வெளியேற்றுகிற வேலையும் கல்லீரலுடையதுதான். சில குடும்பங்களில் அந்த வாங்குகிற வேலை பிறவியிலேயே பாதிதான் நடக்கும். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பிள்ளைக்கு வரும், பிள்ளைகளில் ஒருவருக்கு வரலாம், ஒருவருக்கு வராமலும் போகலாம். பல வருடம் தேங்குகிற கொழுப்பு சிலருக்கு இப்படிக் குதிகால் நரம்பில் படியும். அதே கொழுப்புதான் இதயத்துக்குப் போகிற குழாயிலும் படியும். கொலஸ்ட்ரால் கூடுகிற எல்லோருக்கும் காரணம் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள், ஆனால் இவருக்கு இதுதான் என்றார்.

"அப்ப நான் ஓடுனது, துன்னாம கெடந்தது எல்லாம் வேஸ்டா மேடம்?" என்று கேட்டாய். அப்படி ஓடினவனைத்தான் நான் திருடன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "வேஸ்ட் இல்ல. அதுல உங்க இதயத்துக்கு எவ்ளோ நல்லது நடந்திருக்கு. அதை விட்டுடாதீங்க. ஆனா அது மட்டும் போதாது, மாத்திரையும் வேணும். உங்க மேல தப்பு எதுவும் இல்ல" என்றார். 'உங்க மேல தப்பு எதுவும் இல்ல' என்று அவர் சொன்னதும் நீ என் பக்கம் ஒரு தடவை பார்ப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ பார்க்கவில்லை. பேனாவை எடுத்து மாத்திரை பெயரை எழுதிக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்கு நீ அதை விளக்கின அழகு எனக்கு மறக்காது. "யம்மா, காசிமேட்ல லாஞ்சு வந்து மீனை எறக்குது. அத்த வாரிக்கினு போறதுக்குக் கூடைக்காரம்மாங்க வரணும். பாதிப் பேரு வரலன்னா இன்னா ஆவும்?" "கரையிலேயே கெடந்து அழுகிப் பூடும்" என்றாள் அவள். "அத்தான். நான் கம்மியா மீன் புடிச்சாலும் வார ஆள் இல்ல. இந்த மாத்திரை போட்டா கூடைக்காரம்மாங்க இன்னும் கொஞ்சம் பேரு வருவாங்க." "அப்ப நான் எண்ண ஊத்துனதுல வரலியா?" என்று கேட்டாள். அதை அவள் எத்தனை நாளாகக் கேட்கக் காத்திருந்தாளோ. உன் அத்தைமார் எல்லாம் 'ஆத்தாக்காரி எண்ணெயைக் கொட்டி வளர்த்தா' என்று சொல்லிச் சொல்லி அவளை ஒரு வழி பண்ணியிருந்தார்கள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு இல்லை என்றாய்.

இங்கேதான் என் பொய் வருகிறது. வீட்டில் எல்லோரும் ரத்தம் பார்க்க வேண்டும், முதலில் அப்பா என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். உன் அம்மா மறுநாளே போய்க் கொடுத்தாள், எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அந்த வயதில் பலருக்கும் அப்படி இருக்கும் என்றார்கள். நான் போகவில்லை. போனேன் என்று சொன்னேன். "எல்லாம் நார்மல்னுட்டாங்க. என்னுது மெய்யாலுமே போட்டு தள்ளுன காலு" என்று சொன்னேன். தாள் எங்கே என்று கேட்டாய். லாஞ்சில் வைத்திருந்தேன், கடலில் விழுந்துவிட்டது என்றேன். நீ நம்பினாய். நான் உன்னை நம்பாத வீட்டில் நீ என்னை நம்பினாய், பாபு. அன்றிலிருந்து எல்லோருக்கும் தீர்ப்பு சுலபமாகிவிட்டது. அப்பனுக்கு ஒன்றும் இல்லை, ஆத்தாவுக்குக் கொஞ்சம் இருக்கிறது, அப்போது ஆத்தா வழிதான். எண்ணெயில் தப்பித்தவள் ரத்தத்தில் மாட்டிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். பயம்தான். படி ஏறினால் இரண்டு வருடமாக மார்பில் ஒரு பாரம் வருகிறது, அதற்கு நானும் கேஸ் என்று பெயர் வைத்துச் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்துவிட்டால் லாஞ்சிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. என் நைனா எனக்கு வீடு வைத்துவிட்டுப் போகவில்லை, அந்தக் குதிகாலைத்தான் வைத்துவிட்டுப் போனார். அது நோய் என்று ஒத்துக்கொண்டால் அவர் உழைத்துச் சாகவில்லை, ஒரு மாத்திரை இல்லாமல் செத்தார் என்றாகிவிடும். என் அண்ணனுக்கு நான் ஊற்றினது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவனுக்கு ஊற்றின வெறும் சோடாவாகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாததை உன் அம்மா தலையில் இறக்கி வைத்தேன்.

போன மாதம் ராயபுரத்தில் நிச்சயதார்த்தம். உன் விஷயத்தை வெளியே சொல்லாதே, கல்யாணம் முடியட்டும் என்று ரயிலில் போகும்போதே உனக்கு ஓதிக்கொண்டு வந்தேன். தட்டு மாற்றுவதற்கு முன்னால், "ஒரு நிமிசம் மாமா" என்று எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாய். என்ன நோய், எங்கிருந்து வருகிறது, மாத்திரையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, பிறக்கப் போகிற பிள்ளைக்கும் சின்ன வயதிலேயே பார்க்க வேண்டியிருக்கும் என்பதுவரை சொன்னாய். கூடம் நிறைய ஆட்கள். கௌசிதான் முதலில் பேசினாள்.

"மாத்திரை டெய்லி போடுவியா?"

"போடுவேன்."

"மறந்துட்டா?"

"நீ ஞாபகப்படுத்து."

"நான் இன்னாத்துக்கு? போன்ல அலாரம் வச்சுக்க" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிடமே பிடித்துப் போனது. நாற்பது பேர் முன்னால் தன் குறையைத் தானே எடுத்து வைக்க எனக்கு இந்த வயதிலும் தைரியம் இல்லை, உனக்கு இருபத்தெட்டு வயதில் இருக்கிறது. என்னிடமிருந்து உனக்கு வந்தது அந்தக் கால் மட்டும்தான், இந்த நெஞ்சு என்னிடமிருந்து வரவில்லை என்று அப்போது நன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் சம்பந்தி என்னிடம் மரியாதையாகக் கேட்டார், "நீங்க பாத்துட்டீங்களா சம்பந்தி?" என்று. என் வேட்டியைக் கணுக்காலுக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பாத்துட்டேன். நமக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். இரண்டாவது தடவை, சபையில் வைத்து. பின்வரிசையில் யாரோ ஒரு அம்மா, "அப்ப ஆத்தா வழியா" என்று பக்கத்திலிருப்பவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது, தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற உன் அம்மாவுக்கும் கேட்டது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பி வரும்போது ராயபுரம் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து, "அடுத்த வண்டிக்கு நேரம் கீதா?" என்று மட்டும் கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன வாரம் போய் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றபோது, உன் ஆறு மாதத்தை நினைத்துக்கொண்டேன். தாள் வந்தது. உன்னுடையதைவிட என்னுடையது அதிகம், அந்த ஒரு விஷயத்திலாவது அப்பனை நீ மிஞ்சவில்லை. அதே டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. குதிகாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம் எங்க போயிட்டீங்க?" என்றார். கடலுக்கு என்றேன். நெஞ்சுக்கு இன்னும் ஒன்றிரண்டு பரிசோதனை இருக்கிறது, அது முடியும்வரை லாஞ்சு ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். பீடி பிடிக்காததுதான் இத்தனை நாள் என்னைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். உன் மாத்திரையேதான், கொஞ்சம் பெரியது. உன் அக்காவையும் அவள் பிள்ளைகள் இரண்டு பேரையும் வெள்ளிக்கிழமை ரத்தம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். 'நைனாவுக்கே ஒண்ணும் இல்ல, எனக்கு இன்னா' என்று அவள் தள்ளிப் போட்டதும் என் பொய்யால்தானே.

முந்தாநாள் உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தாளைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு எண்கள் தெரியும். "ரெண்டு வருசம்யா" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து வறுக்கிற சத்தம் கேட்டது. இரண்டு துண்டு வஞ்சிரம், மசாலா தடவி, ஸ்பூன் கணக்கெல்லாம் பார்க்காமல் எண்ணெய் விட்டு வறுத்து எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். எனக்குக் கொள்ளு ரசம் ஊற்றின சோறு. அவள் முள்ளை எடுத்து எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள். இரண்டு துண்டையும் முடித்துவிட்டுத்தான், "சம்பந்தி வூட்டுக்கு எப்பப் போறது?" என்று கேட்டாள்.

இன்றைக்குப் போகிறோம். நீ காலை ஷிப்டு முடிந்து வருவதற்குள் திரும்பிவிடுவோம். உன் பழைய பூட்ஸுக்குள் இதை வைத்துவிட்டுப் போகிறேன், வீட்டுக்கு வந்ததும் நீ பூட்ஸ் கழற்றுகிற இடத்தில்தான் அது கிடக்கிறது. மனுவாக இருந்தால் 'ஆவன செய்யுமாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். உன்னிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை, செய்ய வேண்டியதை எல்லாம் நீ செய்துவிட்டாய். சபையில் சொன்ன பொய்யை அதே வீட்டில் வைத்து நான்தான் திருப்பி எடுக்க வேண்டும். உன் அம்மா நிச்சயதார்த்தப் புடவையையே கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். சம்பந்தி வீட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனால் மரியாதையாக இருக்காது என்கிறாள். இருக்கட்டும், இன்றைக்கு ஒரு நாள் குதிகால் தெரிய மடித்துக் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.